இருபத்தொன்றும் இருபத்திரண்டும்

நீதிக்கதைகளில் உண்ணிக்கு இடம் கிடைத்ததில்லை. நரிக்குத் தந்திரம், சிங்கத்துக்கு அரசு, எறும்புக்கு உழைப்பு, கொக்குக்குப் பொறுமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிய முன்னோர், மாட்டின் காதுமடலில் ஊதிக் கிடக்கும் அந்தச் சிற்றுயிரை மட்டும் மறந்துவிட்டார்கள். அதைக் கண்டவர்கள் பிடுங்கி நசுக்கினார்கள், கதை சொல்லவில்லை.

ஜொகூர் பாருவின் புறநகரில், தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்த கால்நடை நோய் ஆய்வகத்தில் தேன்மொழி என்ற அம்மையார் பதினைந்து ஆண்டுகளாக உண்ணியைப் பேணி வந்தார். உண்ணியை என்று சொல்வதுகூடச் சரியாகாது. அவர் பேணியவை உண்ணியின் உயிரணுக்கள். கண்ணாடிக் குழாய்களுக்குள், உடல் என்ற ஒன்று இல்லாமலே வாழ்ந்துகொண்டிருந்த உயிரணுக்கள்.

அவற்றின் தொடக்கம் மிக எளியது. ரெங்கத்துக்கு அருகே செம்பனைத் தோட்டத்தில் மேய்ந்த மாடு ஒன்றிலிருந்து, இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி ஒன்றைத் தேன்மொழி எடுத்து வந்தார். அது கேழ்வரகைக் குவித்தாற்போல ஒரு குவியல் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போனது. அந்தக் குவியல் முழுவதையும் கழுவித் தூய்மை செய்து, ஒன்றாக நசுக்கி, ஊட்டக்கரைசலில் இட்டு, தட்டையான பக்கம் கொண்ட ஒரு குழாயில் அடைத்து வைத்தார். மாதக்கணக்கில் ஒன்றும் நிகழவில்லை. அதைக் கொட்டிவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். அவர் வாரந்தோறும் பழைய கரைசலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றிக்கொண்டே இருந்தார். முழுவதையும் ஒருபோதும் மாற்றியதில்லை. தயிர்ச் சட்டியில் உறைமோர் மிச்சம் வைக்கும் கை அது. மறு ஆண்டில் ஒரு நாள் குழாயின் அடியில் மெல்லிய மங்கல் படர்ந்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, உருண்டை உருண்டையாக உயிரணுக்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு பெருகியிருந்தன.

மாடுகளுக்கு உண்ணியால் வரும் ஒருவகைக் காய்ச்சலின் கிருமி வெறும் கரைசலில் வளராது. உண்ணியின் உயிரணுவுக்குள்தான் வளரும். அந்தக் கிருமியை வளர்த்து, அதற்குத் தடுப்பூசி காணும் முயற்சி முழுவதும் இந்தக் குழாய்களை நம்பியே நடந்தது. உறையவைத்துப் பத்திரப்படுத்தலாம் என்றால், உறைந்தவை மீண்டும் எழுவது அரிது. ஆகவே உயிரோடு வைத்துக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டுப் பார்க்கும் கட்டம் நெருங்கியபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்த உயிரணுக்கள் தாம் தாமாகவே இருக்கின்றனவா? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தன் குரோமோசோம்களை ஒன்று விடாமல் படியெடுத்துத் தன் இரு சேய்களுக்கும் தரவேண்டும். குடல் இல்லை, தோல் இல்லை, கடிக்க மாடு இல்லை. தவறு செய்த உயிரணுவைக் கண்டித்து அகற்ற ஓர் உடலும் இல்லை. அப்படிப்பட்ட வாழ்வில் ஆயிரம் தலைமுறை கழிந்த பின்னும் முதல் ஏடு பிழையின்றி இருக்குமா?

இதை அறிய வினிஃப்ரெட்டிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் மனிதக் குரோமோசோம்களை எண்ணுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். விடியுமுன் எல்லைப் பாலத்தைக் கடந்துபோய் இருட்டிய பின் திரும்பும் வாழ்க்கை அலுத்துப்போய், ஓராண்டுக்கு முன்புதான் இந்த ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார். தேன்மொழியைவிட மூத்தவர்.

உண்ணியின் உயிரணுக்கள் மெதுவாகவே பிரியும். பிரியும் தறுவாயில் அவற்றை மருந்திட்டு நிறுத்தி, நீரூட்டி உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயமேற்றிப் பார்த்தால், ஒரு தகட்டில் இரண்டோ மூன்றோ எண்ணத் தகுந்தவை கிடைக்கும். தொடக்க ஆண்டுகளில் யாரோ எண்ணிய சில உயிரணுக்களில் இருபத்திரண்டு குரோமோசோம்கள் இருந்தன. இருக்கவேண்டியது அதுவே என்று அனைவரும் கொண்டிருந்தார்கள்.

வினிஃப்ரெட் பல நாள் எண்ணிவிட்டு வளர்ப்பறைக்கு வந்தார்.

"தேனு, கொஞ்சம் உக்காரு."

"ஏன்க்கா, நின்னா காது கேக்காதா? சொல்லுங்க."

"இருபத்திரண்டு இருக்கணும்னு சொன்ன இல்ல? பாதிக்குப் பாதி இருபத்தொண்ணுதான் இருக்கு. ஒண்ணு காணோம்."

தேன்மொழி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மேசையில் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த விஜயன் திரும்பிப் பார்த்தான். அவனும் அதே அறையில் வேலை செய்பவன். தேன்மொழியின் குழாய் ஒன்றிலிருந்து கிளை பிரித்து, கூடுதல் சூட்டில், கூடுதல் ஊட்டத்தில், அடிக்கடி பிரித்துப் பிரித்து வேகமாக வளரும் குழாய்களைத் தனியே உண்டாக்கி வைத்திருந்தான். 'உங்க புள்ளைங்க நத்தைக்கா, என் புள்ளைங்க எக்ஸ்பிரஸ் பஸ்' என்பது அவன் வழக்கமான கேலி. இப்போது அவன் கேலி செய்யவில்லை.

"எண்ணறதுல தப்பாயிருக்கலாம் இல்லக்கா?"

"தம்பி, நான் எண்ணுனது எல்லாம் பச்சப் புள்ளைங்களோடது. பெத்தவங்க வெளிய பெஞ்சில உக்காந்து அழுதுகிட்டு இருப்பாங்க. தப்பா எண்ணற தைரியம் எனக்கு என்னைக்கும் வந்ததில்ல லா."

"ஒண்ணு கொறஞ்சா என்னக்கா அர்த்தம்?" என்றார் தேன்மொழி.

"மனுசனுக்கு நாப்பத்தாறு. நாப்பத்தஞ்சுன்னா, அந்த ரிப்போர்ட்ட நான் தனியா எடுத்து வெச்சிருவேன். டாக்டர் வந்து கையெழுத்துப் போடாம வெளிய போகாது. அது கோளாறு, தேனு. வேற என்னன்னு சொல்ல?"

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் ரூபேந்திரன் கடுமையானவர் அல்லர். ஆனால் கணக்கில் இரக்கம் காட்டாதவர். விவரத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கோணத் தராசுல நிறுத்த சாமான எப்படிங்க விக்கிறது? இந்த உயிரணுவுல வளத்த கிருமி, அதுல செஞ்ச ஊசி, எல்லாம் சந்தேகம்தான். வெளிநாட்டுலேர்ந்து வேற செல் வரவழைச்சு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ராயா பெருநாள் லீவுக்கு ஆய்வகத்த மூடறதுக்குள்ள இதையெல்லாம் ஆட்டோகிளேவ்ல போட்டுருங்க தேன்மொழி. பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா கலந்துரும்."

ஆட்டோகிளேவ் என்பது கொதிநீராவியால் எல்லா உயிரையும் அழிக்கும் கலன். தேன்மொழி வாதிடவில்லை. வினிஃப்ரெட்டைப் பார்த்து, 'இருபத்திரண்டு என்று எழுதிவிடுங்கள்' என்று கண்ணாலும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"எண்ணாத குழாய் இன்னும் இருக்கே, அதையும் எண்ணிருங்கக்கா. சாகறதுக்கு முந்தி அதுங்க யாருன்னாவது தெரிஞ்சுக்கறேன்."

காகம் ஒன்று தன் சிறகை அளவுகோலாக எடுத்துக்கொண்டு காட்டுப் பறவைகளை எல்லாம் அளக்கப் புறப்பட்டதாம். மயிலை அளந்தது, வளர்ச்சி மிகுந்த நோய் என்றது. தேன்சிட்டை அளந்தது, குறைப்பிறவி என்றது. மாலைக்குள் காடு முழுவதும் நோய்க்காடாகிவிட்டது. காகம் ஒன்றுதான் நலமாக இருந்தது. காகத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. அதன் அளவில் பிழையில்லை; ஒவ்வொரு சிறகையும் அது நேர்மையாகவே அளந்தது. அளவுகோலை எங்கிருந்து கொண்டுவந்தோம் என்று மட்டும் அது தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வினிஃப்ரெட் கேட்டுக்கொண்டார். அதுதான் அவரைக் காகத்திலிருந்து வேறுபடுத்தியது.

எஞ்சிய குழாய்களை எண்ணத் தொடங்கிய பிறகு ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. குரோமோசோம்களை இழக்கும் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றி இழக்கும். ஒன்றில் இருபது, இன்னொன்றில் பதினெட்டு என்று சிதறும். இங்கே அந்தச் சிதறல் இல்லை. இருபத்திரண்டு, அல்லது இருபத்தொன்று; ஏதோ எழுதி வைத்த ஒழுங்கு போல இவ்விரண்டுதான். எது குறைகிறது என்று பார்த்தார். இருபத்திரண்டு உள்ளவற்றில் எல்லாவற்றிலும் பெரியதான குரோமோசோம் இரண்டு இருந்தன. இருபத்தொன்று உள்ளவற்றில் அந்தப் பெரியது ஒன்றே ஒன்று இருந்தது. எந்தக் குழாயை எடுத்தாலும், எந்தத் தகட்டைப் பார்த்தாலும், இல்லாமற்போனது அதே ஒன்றின் துணை.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய ஓசை வளர்ப்பறை வரை கேட்டது.

"தேனு! இங்க வா. நாங்க ஹாஸ்பிட்டல்ல சாம்பிள் வந்ததும் மொதல்ல பாக்கறதே ஆணா பொண்ணான்னுதான். பேப்பர்ல போட்டிருக்கும். இங்க குழாயில என்ன போட்டிருக்கு? நம்பர், தேதி. ஆணா பொண்ணான்னு யாருமே கேக்கலையே!"

"செல்லுக்கு ஏதுக்கா ஆணு பொண்ணு?"

"செல்லு எதுலேர்ந்து வந்துச்சு?"

"முட்டையிலேர்ந்து."

"எத்தன முட்டை?"

தேன்மொழி தன் கைகளைப் பார்த்தார். குவியல் முழுவதையும் ஒன்றாக நசுக்கியது அவர் கைதான். ஒரு தாய் இட்ட நூற்றுக்கணக்கான முட்டைகள். மகளாக வேண்டியவையும் மகனாக வேண்டியவையும் அதில் கலந்தே இருந்திருக்கும். பதினைந்து ஆண்டுகளாக அவர் 'அது' என்று எண்ணி வந்தது ஒன்றல்ல. ஒரு குடும்பம்.

அன்றே நூல்களைப் புரட்டினார்கள். பல வகை உண்ணிகளில் பெண்ணுக்கு அந்தப் பெரிய குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே என்று எழுதியிருந்தது. ஆணுக்கென்று மனிதரில் இருப்பதுபோல வேறொரு சிறு துணையும் கிடையாது. அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். ஓட்டமும் நடையுமாக ரூபேந்திரனிடம் போனார்கள். அவர் முழுவதையும் கேட்டார். பின் தலையை ஆட்டினார்.

"இருக்கலாம். ஆனா புஸ்தகத்துல உள்ளது புஸ்தகத்து உண்ணி. குழாயில உள்ளது ரெங்கத்து உண்ணி. ஒண்ண எழந்த பொண்ணும் இருபத்தொண்ணு, பொறப்புலேயே ஆணும் இருபத்தொண்ணு. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீங்க? ரெங்கத்து ஆம்பள உண்ணி ஒண்ணப் புடிச்சு எனக்குக் காட்டுங்க. அது வரைக்கும் நான் சொன்னது சொன்னதுதான்."

மறுநாள் காலை இருவரும் ரெங்கத்துக்குக் காரில் போனார்கள். செம்பனைகளின் நிழலில் மாடு மேய்க்கும் ஐயாசாமி, வந்த காரியத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் உண்ணிய ஒழிக்க மருந்து கொண்டாருவாங்க. நீங்க உண்ணியே வேணும்னு வந்திருக்கீங்க. அள்ளிக்கிட்டுப் போங்கம்மா, நல்லா இருங்க."

"ஆம்பள உண்ணியா வேணும்ணே," என்றார் வினிஃப்ரெட்.

"ஆம்பளையா? அதுகிட்ட எப்படிம்மா ஐ.சி. கார்டு கேக்கறது?"

தேன்மொழி ஒரு பசுவின் தொடையிடுக்கை விலக்கிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பருத்துத் தொங்கிய ஒரு பெண் உண்ணிக்கு அடியில், எள்ளைப்போலச் சிறியதாய், பழுப்பாய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதாண்ணே மாப்பிள்ள."

"அலமாக்! இத்தன வருசமா நான் அத குட்டின்னு இல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!" ஐயாசாமி குனிந்து உற்றுப் பார்த்தார். "பொண்டாட்டி இம்மாம் பெருசு, இவன் இத்துணூண்டு. பாவம்லா."

பசு வாலைச் சுழற்றி வினிஃப்ரெட்டின் கன்னத்தில் ஒன்று வைத்தது. சிறு கவ்வியால் ஆண் உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரப்பஞ்சு வைத்த புட்டியில் இட்டார்கள். திரும்பும் வழியில் தேன்மொழி அந்தப் புட்டியை மடியிலேயே வைத்திருந்தார். இது பொய்த்தால் குழாய்கள் வெந்துபோகும் என்பது இருவருக்கும் தெரியும்.

எள்ளளவு உயிரைப் பிளந்து, அதன் விந்தகத்தை எடுப்பது தேன்மொழியின் வேலை. நூலினும் மெல்லிய இரு வெண்ணிழைகள் அவை. அவற்றைத் தகட்டில் பரப்பிச் சாயமேற்றியது வினிஃப்ரெட். காய்ந்த தகட்டின் மேல் எண்ணெய்ச் சொட்டு வைத்து, நுண்ணோக்கியின் மிகப் பெரிதாக்கும் வில்லையை இறக்கி, வட்டத்தின் ஓர் ஓரத்திலிருந்து தேடத் தொடங்கினார். வெகுநேரம் ஊதா நிறத் தூசிதான் நகர்ந்தது. பிறகு அவர் கை நின்றது.

"தேனு," என்றார் தணிந்த குரலில், கண்ணை எடுக்காமலே. "எண்ணப்போறேன். நீ பேசாத."

எண்ணினார். மறுபடியும் எண்ணினார். எழுந்து இடம்விட்டார்.

தேன்மொழி கண் வைத்துப் பார்த்தார். வெளிச்சமான வெண்பரப்பில், கருநீலத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. உற்றுப் பார்க்கப் பார்க்க அவை சிதறலாக இல்லை. விந்தணுவாகப் பிரிவதற்கு ஆயத்தமான அந்த உயிரணுவில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடிக் கண்டு தழுவிக்கொண்டிருந்தது. பத்து இணைகள். அவற்றுக்கு அப்பால், எல்லாவற்றிலும் பெரியதான ஒன்று, தழுவ யாரும் இல்லாமல், ஆனால் எதையும் இழந்த கோலமின்றி, தன் இடத்தில் தனியே நின்றது. அது ஊனமில்லை. அந்தச் சிற்றுயிர் தோன்றிய நாள்தொட்டு அதன் ஆண்களில் அந்த ஒன்று அப்படித்தான் நின்றிருக்கிறது. நேற்றுவரை ரெங்கத்துப் பசுவின் தோலில் ஒட்டியிருந்த ஒரு மாப்பிள்ளையின் உடம்பில் இருந்த அதே ஒழுங்கு, தோலையோ புல்லையோ வெயிலையோ ஒருபோதும் அறியாத குழாய்களிலும் இருந்தது.

வினிஃப்ரெட் குழாய் உயிரணுக்களின் தகட்டை மாற்றி வைத்தார். இருபத்தொன்று. அதே பெரியது, அதே தனிமை. சற்று நகர்த்தினார். இருபத்திரண்டு, பெரியது இரண்டு.

"இது அக்கா. முன்ன பாத்தது தம்பி," என்றார்.

தேன்மொழிக்கு அழுகை வரவில்லை. வியப்பு அதற்கும் இடம் தரவில்லை. இவை முட்டைக்குள்ளேயே நசுக்கப்பட்டவை. ஒன்றும் பிறக்கவில்லை. ஒன்றுக்கும் கால் முளைக்கவில்லை, வாய் முளைக்கவில்லை. ஆணாக வாழ்ந்ததும் பெண்ணாக வாழ்ந்ததும் இல்லை. அப்படியிருந்தும், இருளில், ஒரு விரல் அகலக் கரைசலில், எண்ணற்ற முறை பிரிந்து பிரிந்து, அக்காமார் அக்காமாராகவும் தம்பிமார் தம்பிமாராகவுமே இருந்திருக்கிறார்கள். யாரும் மேற்பார்க்கவில்லை, யாரும் பாராட்டவில்லை.

ரூபேந்திரனை அழைப்பதற்கு முன் விஜயன் தன் குழாய்களையும் எண்ணச் சொன்னான். தானும் இதே குடும்பம் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. அவனுடைய தகட்டில் உயிரணுக்கள் ஏராளமாகக் கிடைத்தன. தேட வேண்டியதே இல்லை. வினிஃப்ரெட் பார்த்துவிட்டு அவனை அருகே அழைத்தார். ஒன்றில் நாற்பதைத் தாண்டியது. அடுத்ததில் முப்பத்தேழு. இன்னொன்றில் குவியல் குவியலாக எண்ணவே இயலாமல் கிடந்தன. அக்கா யார், தம்பி யார் என்று சொல்ல வழியில்லை.

"என்னக்கா இது?" என்றான் விஜயன். "ஒரே தாய் வயித்துப் புள்ளைங்கதானே?"

"நீ ஓடு ஓடுன்ன. வேகமா ஓடறத மட்டும் பாத்துப் பாத்து வெச்சுக்கிட்ட. ஓடற அவசரத்துல சரியாப் பங்கு போடற ஒழுங்கையே வழியில போட்டுட்டு ஓடியிருக்குங்க."

அவன் தன் குழாய்களைத் தட்டோடு எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே ஆட்டோகிளேவ் இருந்த அறைக்குப் போனான். தேன்மொழி பின்னாலேயே போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"நத்தையிலேர்ந்து ஒரு குழாய் தரேன் விஜி. திரும்ப ஆரம்பி."

"எவ்ளோ நாளாகும்க்கா?"

"அதுங்களக் கேளு."

பிற்பகலில் ரூபேந்திரன் வந்தார். நின்றபடியே குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் ரெங்கத்து ஆண் உண்ணி. அடுத்துக் குழாய்த் தகடுகள், ஒவ்வொன்றாக. அவர் உதடுகள் எண்ணிக்கொண்டே இருந்தன. விஜயனுடைய தகட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அது ஒன்றே அவருடைய சந்தேகத்தை முற்றிலும் தீர்த்தது போலத் தோன்றியது. நிலை தவறிய உயிரணு எப்படி இருக்கும் என்பதும், தவறாதது எப்படி இருக்கும் என்பதும் ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"பதினஞ்சு வருசம்," என்றார், யாரையும் பார்க்காமல். "நம்ம ஆபீஸ்ல ஒரு சர்க்குலர மூணு தடவ காப்பி எடுத்தா நாலு எழுத்து அழிஞ்சுருது."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"டாக்டர், அப்ப ஆட்டோகிளேவ்?" என்றார் வினிஃப்ரெட்.

"விஜயன் போட்டது போதும். இதுங்க இருக்கட்டும். வருசா வருசம் எண்ணிப் பாக்கணும், இனிமே ஆணையும் பொண்ணையும் தனித்தனியா எண்ணணும். ஊசி வேலைய மேல கொண்டு போலாம்." பேசிக்கொண்டே அவர் மீண்டும் கண்ணை நுண்ணோக்கியில் வைத்துவிட்டார். "ராயாவுக்கு கட்டடம் முழுக்க கரண்ட்ட நிப்பாட்டுவாங்க, இந்த ரூமுக்கு மட்டும் நிப்பாட்டக் கூடாதுன்னு நானே சொல்லிடறேன்."

"சரி டாக்டர். நான் கொஞ்சம் ஸ்லைட எடுத்து வைக்கட்டுமா?"

"இருங்க. அந்தத் தம்பிய இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

வினிஃப்ரெட் தேன்மொழியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தேன்மொழி கையுறையை மாட்டிக்கொண்டார்.

"பொறுமையா பாருங்க டாக்டர். அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம், நான் போறேன்," என்று சொல்லிவிட்டு வளர்ப்பறைக்குள் போனார்.